ரப்பர் வளையம் காட்டிக்கொடுத்தது

முன்னாலும் பின்னாலும் அதிர்வு தாங்கி வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் மலைச் சைக்கிளின் பின் ஷாக்கில், அந்தப் பளபளப்பான தண்டைச் சுற்றி, குழாய் வாஷர் அளவில் ஒரு ரப்பர் வளையம் கிடக்கும். ஷாக் அமுங்கும்போது வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும். விரியும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடும். மலையிலிருந்து இறங்கியதும் குனிந்து பார்த்தால் போதும், அன்றைக்கு ஷாக் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்துவிடும். வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் நிற்கும் கறை மாதிரி.

என் முதல் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளின் ஷாக் 65 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது. 14 மாதம் ஓட்டினேன். வளையம் ஒருநாள்கூட 46-ஐத் தாண்டவில்லை. காசு கொடுத்து வாங்கிய சஸ்பென்ஷனில் கால்வாசிக்கு மேல் பெட்டியே பிரிக்காமல் கிடந்திருக்கிறது. அந்தச் சைக்கிளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இரண்டாவதை வாங்கிய கதைதான் இது. யாராவது இதே தப்பைச் செய்யக் கிளம்பியிருந்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது கனடாவின் நார்த் வான்கூவரில். ஊருக்குப் பின்னாலேயே மலை. சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றையும் சேர்த்து 'நார்த் ஷோர்' என்பார்கள். 80களில் மலைச் சைக்கிள் இங்கே வந்தபோது காட்டில் விழுந்துகிடந்த தேவதாரு மரங்களைத் தாண்ட வழியில்லை, கீழே சேறு வேறு. ஆட்கள் மரத்தைப் பிளந்து ஏணி மாதிரிப் பாலங்கள் கட்டினார்கள். 'டிக்கர்' என்று பெயர் பெற்ற டாட் ஃபியாண்டர் அதில் முக்கியமான கை. ஃப்ரோம் மலையில் இன்றைக்கும் பெரிய பெரிய ஆட்களின் வயிற்றைக் கலக்கும் 'லேடீஸ் ஒன்லி' அவர் போட்ட தடம்தான். பெயரைப் பார்த்து ஏமாந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். 1997-இல் தொடங்கிய நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷன் இப்போது இந்தத் தடங்களைப் பராமரிக்கிறது. சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு போனால் அவர்களோடு சேர்ந்து கொத்தலாம்.

'அக்ரெசிவ் டிரெயில்' என்று கடைக்காரர்கள் சொல்வது இங்கே என்னவென்றால், தன் காலாலேயே ஒரு மணி நேரம் மிதித்து ஏறி, ஈர வேரும் பாறையுமான சரிவில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்குவது. லிஃப்டில் சைக்கிளை மாட்டிவிட்டு மேலே போய் இறங்குவது வேறு சங்கதி, அதற்கு வடக்கே விஸ்லர் இருக்கிறது. இந்த ஒரு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம் என்ற கணக்கைத்தான் முதல் தடவை நான் மறந்துபோனேன். வீடியோக்களில் யாரும் ஏறுவதைக் காட்டுவதில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும்போது சீருடை தைக்கப் போனால் அம்மா டெய்லரிடம், "வளர்ற பையன், கொஞ்சம் லூசாவே தைங்க" என்பார். முதல் சைக்கிளை நான் அப்படித்தான் வாங்கினேன். டிராவல், அதாவது வீல் மேலே ஏறி இறங்கக்கூடிய தூரம், பின்னால் 165 மி.மீ., முன்னால் 170. 'இப்போது தேவையில்லை, போகப்போக வளர்ந்துவிடுவேன்' என்று நினைப்பு. வயது 38.

கண்ணைத் திறந்துவிட்டது யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். 20 வருடத்துக்கு மேலாக ஃப்ரோமில் ஓட்டுகிறவர். மவுண்டன் ஹைவே என்று ஒரு சரளைப் பாதை வளைந்து வளைந்து மேலே ஏறும். அதில் நான் நாக்குத் தள்ளிக்கொண்டு நின்ற இடத்தில் அவரும் வந்து நின்றார். என் ஷாக்கைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, நீர் எத்தினை கிலோ?"

"61, அண்ணா."

"அப்ப இது உமக்குச் செய்த சைக்கிள் இல்லை. எண்பது கிலோ ஆளுக்குச் செய்தது. நீர் மேலை இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

ஷாக்குக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று ஸ்பிரிங். இப்போது பெரும்பாலும் காற்றுதான். எடைக்குத் தகுந்த மாதிரி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தான் அமுங்கக்கூடிய நீளத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை அமுங்கி நிற்க வேண்டும். இதற்கு 'சேக்' என்று பெயர். 55 மி.மீ. ஷாக் என்றால் சுமார் 16 மி.மீ. இந்த அளவுக்கு எல்லாரும் வைப்பார்கள், நானும் வைத்திருந்தேன். இரண்டாவது வேலை டாம்பர். எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகவும் மெல்லிய உலோகத் தகடுகளைத் தள்ளிக்கொண்டும் ஓடி, ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறது. இந்தத் தகடுகளின் இறுக்கம் ஃபாக்டரியிலேயே முடிவாகிவிடுகிறது. சராசரி எடையுள்ள ஆளை மனதில் வைத்து அடுக்கியது அது. காற்றைக் குறைத்தாலும் எண்ணெய் குறையாது.

அதனால் எடை குறைந்தவனுக்கு என்ன ஆகிறது? கல்லில் மோதும்போது எண்ணெய் வேகமாக வழிவிடாது, கை மரத்துப்போகும். அமுங்கிய பிறகு, காற்றழுத்தம் குறைவு என்பதால் திரும்ப எழும் வலுவும் குறைவு. எழும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரீபவுண்ட் திருகை முழுக்கத் திறந்து வைத்தாலும் ஷாக் சோம்பேறித்தனமாகவே எழும். அடுத்தடுத்து வேர்கள் வந்தால் முதல் வேரில் அமுங்கியது எழுவதற்குள் இரண்டாவது வேர் வந்துவிடும். நானோ 'எனக்குத் திறமை போதவில்லை' என்று நினைத்துக்கொண்டு வார இறுதி முழுக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பெண்டு நிமிர்ந்ததுதான் மிச்சம்.

இதோடு ஃபிரேமின் கணக்கும் சேர்கிறது. பின்வீல் மேலே ஏறும் அளவுக்கும் ஷாக் அமுங்கும் அளவுக்கும் உள்ள விகிதம் தொடக்கத்தில் ஒரு மாதிரி, முடிவில் வேறு மாதிரி. என் பழைய சைக்கிளில் தொடக்கத்தில் வீல் 3 மி.மீ. ஏறினால் ஷாக் 1 மி.மீ. அமுங்கும், முடிவில் 2.1-க்கு 1. அதாவது போகப்போக 30 சதவீதம் இறுகும் ஃபிரேம். பெரிய பாறையிலிருந்து குதிக்கிற ஆளுக்கு அடிவரை தட்டாமல் காப்பாற்றும் நல்ல குணம் இது. காற்று ஷாக்கே முடிவில் தானாக இறுகும் என்பதால், 61 கிலோக்காரனுக்கு இது பூட்டின் மேல் பூட்டு. ரப்பர் வளையம் 46-இல் நின்றதன் ரகசியம் இதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 165 மி.மீ. என்று இருக்கும். இந்த விகிதத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, இரண்டாவது சைக்கிளுக்கு நான் போட்டுக்கொண்ட முதல் நிபந்தனை டிராவல் அல்ல. ஃபிரேம் போகப்போக இறுகுவது 20 சதவீதம் அருகில் இருக்க வேண்டும், ஷாக்கின் உள்ளே தகடுகளை லேசாக மாற்றித்தர உள்ளூரில் ஆள் இருக்க வேண்டும். டிராவல் பின்னால் 140, 145 கிடைத்தால் போதும், முன்னால் 150 அல்லது 160. நார்த் ஷோருக்கு இது குறைச்சல் என்று சொல்கிறவர்கள் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள் விஸ்லர் போகிறவர்கள், 90 கிலோ ஆட்கள், அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி.

அடுத்தது சைஸ். இதில்தான் என்னை அதிகம் குழப்பினார்கள். ஊரில் வாடகை சைக்கிள் எடுத்த காலத்தில் குழப்பமே இல்லை. கடையில் நிற்கும் வண்டிகளில் கால் எட்டியது எதுவோ அது நம் சைஸ். எட்டாவிட்டால் குரங்குப் பெடல். இப்போது ரீச் என்று ஒரு எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் கழுத்து வரைக்கும் கிடைமட்டமாக அளந்தால் வரும் தூரம். இறங்கும்போது நாம் சீட்டில் உட்காருவதே இல்லை, நின்றுகொண்டுதான் ஓட்டுகிறோம். ஆகவே நிற்கும் இடம் எவ்வளவு நீளம் என்பதே சைஸ். 10 வருடமாகப் புது மாடல்களில் இந்த நீளம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நீளமான சைக்கிள் வேகத்தில் ஆடாமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கே வேகம்? ஃப்ரோமின் பழைய தடங்கள் நெருக்கமான மரங்களுக்கு நடுவே, நடக்கிற வேகத்தில், முறுக்கி முறுக்கி இறங்குபவை. முன்வீலைத் தூக்கி, பின்வீலை இழுத்து, உடம்பால் வண்டியைத் திருப்ப வேண்டும்.

என் உயரம் 167 செ.மீ. எல்லா அட்டவணையிலும் ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் நடுக்கோட்டில் நிற்கிறேன். முதல் தடவை மீடியம் எடுத்தேன், ரீச் 460 மி.மீ. இரண்டாவது தடவை ஸ்மால், 435. கடைப் பையன், "எல்லாரும் பெருசுதான் சார் எடுக்கறாங்க" என்ற பொருளில் ஏதோ சொன்னான். சிரித்துவைத்தேன். சிறிய ஃபிரேமில் இன்னொரு லாபம், சீட் குழாய் குட்டை. ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டான டிராப்பர் போஸ்ட் முழுதாக உள்ளே இறங்கும். இறக்கத்தில் சீட் நம் வயிற்றில் குத்தாமல் கீழே ஒதுங்கி இருப்பது, சஸ்பென்ஷனைவிடப் பெரிய விஷயம் என்பேன். 170 மி.மீ. டிராப்பர் இல்லாத சைக்கிளை நான் இனி தொட மாட்டேன்.

ஹெட் ஆங்கிள், அதாவது முன்வீலைத் தாங்கும் ஃபோர்க் சாயும் கோணம் பற்றி அதிகம் சண்டை போடத் தேவையில்லை. 90களில் 71 டிகிரி வாக்கில் செங்குத்தாக நின்ற ஃபோர்க் இன்று 64, 65-க்குச் சாய்ந்துவிட்டது. முன்வீல் நம்மைவிட்டுத் தள்ளி முன்னே நிற்பதால் செங்குத்துச் சரிவில் தலைகுப்புறப் போகும் பயம் குறைவு. நல்ல கம்பெனிகள் எல்லாம் இந்த எண்ணுக்கு அருகில்தான் இருக்கின்றன. சீட் குழாயின் கோணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 76-க்குக் கீழே இருந்தால் ஏற்றத்தில் நாம் பின்வீலுக்கு மேல் உட்கார்ந்து மிதிப்போம், முன்வீல் பாதையை விட்டு அலையும். அந்த ஒரு மணி நேரம் நரகமாகிவிடும்.

பின்வீலை ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜ் என்ற அந்தக் கம்பி மடக்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சைக்கிள்காரர்கள் ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். ஆஸ்திரியாவில் பிறந்த ஹார்ஸ்ட் லைட்னர் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர், பின்வீல் அச்சுக்கு முன்னால் ஒரு மூட்டு வைத்தார். பிரேக் பிடித்தாலும் சஸ்பென்ஷன் இறுகிப்போகாது. அந்தக் காப்புரிமையை 1998-இல் ஸ்பெஷலைஸ்டு என்ற சைக்கிள் கம்பெனி வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் மற்றவர்கள் அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது, அல்லது மூட்டை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. டேவ் வீகிளின் டிடபிள்யூ லிங்க் என்ற லிங்கேஜ் போன்ற வேறு வழிகளும் அந்தக் காலத்தில் பெருகின. 2013-இல் காப்புரிமை காலாவதியானதும் பாதிக் கம்பெனிகள் ஹார்ஸ்ட் மூட்டுக்கு வந்துவிட்டன. வான்கூவர் தீவில் இருக்கும் ஃபர்பிடன் என்ற கம்பெனி, பின்பகுதி சுழலும் முக்கிய மூட்டை மேலே தூக்கி வைத்து, செயினை ஒரு சின்ன சக்கரத்தின் வழியாக விடுகிறது. கல்லில் மோதினால் பின்வீல் பின்னோக்கியும் நகரும், வேகம் அறுந்துபோகாது. ஓட்டிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் சேற்றில் செயின் புலம்ப ஆரம்பித்தால் காது கொடுக்க முடியாது என்று அண்ணா எச்சரித்தார். மழை நாள் எண்ணிக்கையை நினைத்து விட்டுவிட்டேன். என்னைக் கேட்டால், இன்று நல்ல விலையில் கிடைக்கும் எந்த லிங்கேஜும் மோசமில்லை. மூட்டுகளில் உள்ள பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே பெய்யும் மழைக்கு ஒவ்வொரு வருடமும் அவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது.

கார்பனா, அலுமினியமா? அலுமினியம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடைக்காக ஆயிரக்கணக்கில் டாலர் கூடக் கொடுக்க மனம் வரவில்லை. ஏற்றத்துக்கு முன் ஒரு பரோட்டாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் பிடித்த பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போட்டேன். கடையில் சைக்கிளோடு வரும் டயர்கள் பெரும்பாலும் எடை குறைத்துக் காட்டுவதற்காக மெல்லிய சுவரோடு வருகின்றன. ஈர வேர் என்பது சோப்புத் தடவிய உலக்கை. அதன் மேல் நிற்பது ரப்பரின் மென்மைதான், சஸ்பென்ஷன் அல்ல. முன்னால் மாக்ஸிஸ் கம்பெனியின் அஸகாய் டயர் போட்டிருக்கிறேன், மிக மென்மையான மாக்ஸ்கிரிப் ரப்பரில். தென்னாப்பிரிக்க டவுன்ஹில் வீரர் கிரெக் மினார் சேர்ந்து உருவாக்கியது. அந்த ஊர் ஈட்டியின் பெயர்தான் அஸகாய். ஏற்றத்தில் தார் பூசிய மாதிரி ஒட்டிக்கொண்டு இழுக்கும், சீக்கிரம் தேயும், விலையும் அதிகம். ஆனாலும் முன்வீல் வழுக்கினால் பல்தான் போகும், பின்வீல் வழுக்கினால் சமாளித்துவிடலாம். ஆகவே பின்னால் கொஞ்சம் கெட்டியான ரப்பர். காற்று முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 23. கனமான ஆட்கள் இந்த எண்ணைப் பார்த்துக் காப்பியடித்து ரிம்மை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பிரேக் நான்கு பிஸ்டன், முன்னால் 200 மி.மீ. டிஸ்க். எடை குறைந்தவனுக்கு இவ்வளவு எதற்கு என்றால், வலுவுக்காக அல்ல, விரலுக்காக. 12 நிமிடம் ஒரே விரலால் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். பிரேக் பலவீனமாக இருந்தால் முன்கை கல்லாகிவிடும், அதன்பின் ஹேண்டில்பாரை யார் பிடிப்பது?

வாங்குவதற்கு முன் மூன்று சைக்கிள்களை ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். மூன்றையும் ஒரே தடத்தில், என் டயர் வீல்களையே மாட்டி. டயர் வேறாக இருந்தால் நாம் டயரைத்தான் சோதிக்கிறோம், சைக்கிளை அல்ல. கடை வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வட்டம் அடித்துப் பார்த்து வாங்குவது, கல்யாண மண்டபத்தில் செருப்பு வாங்குவது மாதிரி. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் வளையத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். பின்னால் 145 மி.மீ. இருந்த சைக்கிளில், 55-க்கு 49 வரை போனது. ஒரு மலைக்கு முதல்முறையாக நான் ஏதோ கனம் உள்ள ஆளாகத் தெரிந்தேன்.

அதைத்தான் வாங்கினேன். ஐயாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஷாக்கின் காற்று அறைக்குள் ஃபாக்டரியில் வைத்திருந்த பிளாஸ்டிக் அடைப்புகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அறை பெரிதானால் கடைசியில் இறுகுவது குறையும். பிறகு உள்ளூர் ஆளிடம் கொடுத்து உள்ளே தகடுகளையும் லேசாக்கினேன். ரீபவுண்ட் திருகு இப்போது நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் திருகுவதற்கு இடம் இருப்பதே ஒரு சுகம்.

முதல் மழைக்குப் பிறகு அண்ணாவோடு ஃப்ரோம் ஏறினேன். வழியில் பேச முடிந்தது, அதுவே புதுசு. "ஏறேக்கை மூச்சு வாங்கேல்லை போலை" என்றார். இறங்கும் வழியில் ஒரு பாறை விளிம்பு, இடுப்பு உயரம் இருக்கும். 14 மாதமாக அதைச் சுற்றிக்கொண்டு போனவன், அன்று நேராகப் போய்க் குதித்தேன். தடால் என்று சத்தம். ஆனால் விழவில்லை.

கீழே வந்து நிறுத்தியதும் குனிந்து பார்த்தேன். ரப்பர் வளையம் தண்டின் கடைசியில், விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. 55-க்கு 55.

"அண்ணா, பாருங்க! முழு டிராவலும் வேலை செஞ்சிருக்கு!"

அவர் வளையத்தைப் பார்க்கவில்லை. பின்வீலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"நீர் பிழையாக் குதிச்சனீர், அதுதான். பின்சில்லு கல்லிலை குத்தினது. வடிவாப் பாரும், ரிம் நெளிஞ்சிருக்கும்."

பார்த்தேன். நெளிந்திருந்தது.